ஹில்குரோவ்ல டிரைவர் முகம் கொடுக்கலைன்னா

ஊட்டி மலை ரயில் டிரைவர்கூட பழகணும்னா, டிரைவரை விடுங்க ப்ரோ, முதல்ல பிரேக் போடுற பிரேக்ஸ்மேன்கிட்ட பழகுங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருத்தர் பிரேக் பக்கத்துலயே நிப்பார், பேச்சுக் கொடுத்தா அவங்களே டிரைவர்கிட்ட அறிமுகம் பண்ணி வைப்பாங்க.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல வணக்கம் சொல்லியும் டிரைவர் திரும்பலைன்னு எழுதியிருக்கீங்க, அது திமிர் இல்லைங்க, வண்டி அங்க நிக்கிறதே தண்ணி பிடிக்கத்தான், அதுக்குள்ள இன்ஜினையும் ஒரு சுத்து பாத்துக்கணும். கல்லாறு தாண்டினா பல்சக்கரப் பாதை (தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல்லை இன்ஜினோட பல்சக்கரம் பிடிச்சு ஏறும்), 12 அடிக்கு 1 அடி ஏத்தம், இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளுது, முதல் பெட்டில இருக்கிறவர் காட்டுற கொடியை வச்சுத்தான் ஓட்டணும், இதுல நம்ம வணக்கம் எங்க கண்ணுல படும்?

அடுத்த தடவை குன்னூர் வரைக்கும் மட்டும் டிக்கெட் போட்டுப் பாருங்க. அங்க ஸ்டீம் இன்ஜினைக் கழட்டிட்டு ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டுவாங்க, டிரைவர் கை துடைச்சுட்டு டீக்கு நகர்ற வரைக்கும் பொறுங்க. போன தடவை எடுத்த போட்டோவை பிரிண்ட் போட்டு கையில கொடுங்க, வாட்ஸப்ல அனுப்புறதை விட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

ஒண்ணு மட்டும், இன்ஜின்ல ஏத்திக்கச் சொல்லி கேக்காதீங்க. அனுமதி இல்லாம ஏத்தினா அவர் வேலைக்குத்தான் ஆபத்து. வீடியோல முகம் போடுறதா இருந்தாலும் கேட்டுட்டுப் போடுங்க.