வெயிலில் மங்கிய கார்க்கூரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறேன். 1990ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலே கார்வெட் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். கழற்றி மாட்டக்கூடிய அதன் ஒளிபுகும் கூரை வெயிலில் கிடந்து மங்கிவிட்டது. சில இடங்களில் மேற்பரப்பு தோல்போல உரிகிறது; சாய்ந்த வெயிலில் மெல்லிய கோடுகளும் தெரிகின்றன. முகப்பு விளக்குக்குப் போடும் பாலிஷைத் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இதைச் சீராக்க முடியுமா?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளங்களும் இரண்டு வேறு நோய்கள். அவற்றைப் பிரித்தறியாமல் பாலிஷ் போட்டதால்தான் இரண்டு வாரத்தில் பலன் போய்விட்டது.

1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறை கார்வெட்டின் ஒளிபுகும் கூரை கண்ணாடியன்று. கீறல் படாமலிருக்க மெல்லிய கடினப் பூச்சு பூசப்பட்ட அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். தோல்போல உரிவது அந்தப் பூச்சு. அது போனால் போகட்டும், மாற்றுவழி உண்டு. ஆனால் மெல்லிய கோடுகள் அக்ரிலிக்கிலேயே விழுந்த நுண்விரிசல்களாக இருந்தால் சங்கதி வேறு. ஒரு மீட்டர் அகலமுள்ள அக்ரிலிக் பலகை 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் விரியும். அதே அளவு இரும்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் விரியும். ஓரங்கள் சட்டத்தில் ஒட்டப்பட்டும் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டும் இருக்கும் பலகை, கோடையில் 43 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் உங்கள் ஊரில் நாள்தோறும் இழுபட்டுச் சுருங்கினால், விரிசல் விழாமல் இருந்தால்தான் வியப்பு. அதன்மேல் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையோ ஆல்கஹாலையோ தின்னரையோ யாராவது தடவியிருந்தால் விரிசல் இன்னும் விரைந்து பரவியிருக்கும்.

சோதனை எளிது. கூரையை மென்மையான சோப்பு நீரால் கழுவி, அது ஈரமாக இருக்கும்போதே பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நீர் படிந்தவுடன் மங்கல் மறைந்து பலகை தெளிவாகத் தெரிந்தால், கோளாறு மேற்பரப்போடு நிற்கிறது. நனைந்த பிறகும் கோடுகள் வெள்ளி இழைபோல மின்னினால் அவை ஆழத்தில் இருக்கின்றன. எந்தப் பாலிஷும் அங்கே எட்டாது. அந்தக் கோடுகள் போல்ட் துளைகளைச் சுற்றியோ ஓரங்களிலோ இருந்தாலும், ஒட்டுப் பசை விட்டு ஓரம் சற்றே தூக்கினாலும் அந்தக் கூரையோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். வேகமாகச் செல்லும் காரின் கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் பலகை மேல்நோக்கி இழுக்கப்படும். அது பறந்தால் பின்னால் வருபவரின் முகத்தில்தான் விழும். அப்படியிருந்தால் நல்ல நிலையிலுள்ள பழைய பலகையையோ வண்ணம் பூசிய ஃபைபர் கூரையையோ வாங்கிவிடுவதே என் யோசனை.

மேற்பரப்புக் கோளாறு மட்டுமே என்றால் பூச்சை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பூச்சு முடியும் எல்லை வரைபடம்போலத் தெரியும். கூரையைக் கழற்றி நிழலில், மெத்தென்ற துணிமேல் வைத்து, நீர் விட்டுக்கொண்டே 800 எண் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடினால் மென்மை கூடும்) தொடங்கி 1000, 1500, 2000, 3000 என்று போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கோடுகள் அழிந்தனவா என்பது கண்ணுக்கே தெரியும். முதல் சுற்றில் பலகை மோர் கொட்டியதுபோல வெளுத்துவிடும். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். கடைசியில் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பாலிஷை மெத்தையான பஃப் கொண்டு, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் போடுங்கள். அக்ரிலிக் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால் மெஷினை அழுத்திப் பிடித்தால் அலை விழுந்துவிடும்.

பூச்சில்லாத பலகை நிர்வாணமானது. அக்ரிலிக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூசுங்கள்; முதலில் ரப்பர் பீடிங்குக்குள் மறையும் ஓரத்தில் சிறிது தடவி, மறுநாள் விரிசல் விழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பீடிங்குக்குச் சிலிகான் கிரீஸ் போதும். பெட்ரோலியம் கலந்தவை வேண்டாம். கூரையைக் கழற்றிப் பின்பக்கக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்துவதையும் தவிருங்கள். கழற்றிய பிறகும் அது அங்கே வெந்துகொண்டுதான் இருக்கும்.

கேள்வி: என் 2002 கார்வெட்டின் கழற்றும் கூரை வண்ணம் பூசியது. அதில் உள்ளங்கையளவு கிளியர் கோட் (வண்ணத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) உரிந்துவிட்டது. அந்த இடத்துக்கு மட்டும் பூசலாமா?
– டாலஸ் வாசகர்

பதில்: கூடாது. ஓரிடத்தில் உரிந்த கிளியர் கோட் சுற்றிலும் பிடிப்பை இழந்திருக்கும். ஒட்டுப்போட்ட விளிம்பிலிருந்தே மீண்டும் உரியும். முழுப் பலகையையும் தேய்த்துப் பூசுங்கள். உலோகத்துக்கான பெயின்ட் ரிமூவரை ஃபைபர் பலகையில் ஊற்றாதீர்கள், உப்புத்தாள்தான் பாதுகாப்பு. இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் கிளியர் கோட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகவே தேய்ப்பதை வீட்டில் செய்துகொண்டு, தெளிப்பதைப் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.