கோழி எருக் குவியலில் சுண்ணாம்பு வேண்டாம்

கோழி எருக் குவியல் நாறுகிறது, சுண்ணாம்பு தூவியும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாற்றத்தை அடக்க நீங்கள் தூவிய சுண்ணாம்புதான் அதைக் கூட்டுகிறது, இனிப் போடாதீர்கள். சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறினால் எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். குவியலருகே கண் எரிவதாக எழுதியிருக்கிறீர்களே, அது அந்த வாயுதான். காசு கொடுத்து வாங்கிய சத்து காற்றில் போகிறது.

நாற்றத்துக்கு மூல காரணம் கரிமம் (கார்பன்) போதாமையாக இருக்கலாம். வாடிப்பட்டிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை, எரு ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு எடையில் கலந்து புரட்டுங்கள். கரிமமும் தழைச்சத்தும் 25:1 முதல் 30:1 வரை இருப்பது நல்லது. கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவினால் அமோனியா கட்டுப்படும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேரும்.

ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம், நார்க்கழிவைக் கூட்டுங்கள்.

குவியலின் நடுவே கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள்; அது சுடுவது நிற்கும்வரை எருவை மல்லிகைக்கு வைக்கவே வைக்காதீர்கள், வேர் கருகிவிடும்.