பேய் என்ற சொல் 'பிரேத'த்திலிருந்து வந்ததா?

கேள்வி: எங்கள் பாட்டி சொன்ன கதைகளைத் தொகுத்து வருகிறேன். ஒரு கதையில் பேய், இன்னொன்றில் பூதம், வேறொன்றில் பிசாசு என்று வருகிறது. எல்லாவற்றையும் 'பேய்' என்றே மாற்றிவிடலாமா? பேய் என்பது வடமொழிப் 'பிரேத'த்தின் திரிபு என்கிறார் நண்பர். அடிக்குறிப்பில் அப்படிப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

பிரேதம் என்பது செத்தவரைக் குறிக்கும் சொல். பேயின் வேரில் சாவே இல்லை, அச்சம்தான் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் 'பேநாம் உருமென வரூஉங் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்கிறது. 'பே' என்ற ஓரெழுத்துக்கே அச்சம் என்று பொருள். குறுந்தொகை 87ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, மன்றத்து மரா மரத்தில் உறைந்து கொடியவர்களைத் தண்டிக்கும் தெய்வத்தை 'பேஎ முதிர் கடவுள்' என்கிறாள். செத்தவர் ஆவியை அவள் சொல்லவில்லை. அஞ்சத்தக்க கடவுளைச் சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

மலையாளத்தைப் பாருங்கள். அங்கே வெறிநாய் 'பேப்பட்டி', வெறிநாய்க்கடி நோய் 'பேவிஷபாத'. நம் பேய்மழையிலும் பேய்க்காற்றிலும் பேய்ச்சுரையிலும்கூட இறந்தவர் யாரும் இல்லை. கட்டுக்கடங்காதது, மனிதருக்கு உதவாதது என்ற கருத்தே இருக்கிறது. பிரேதத்தையோ தமிழ் பிரேதமாகவே, பிணம் என்ற பொருளில் தனியே வைத்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டதையும் மறந்துவிடாதீர்கள்.

பூதம் வடசொல். 'ஆதல், இருத்தல்' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது; 'உண்டானது' என்பதே நேர்ப்பொருள். அதனால்தான் நிலமும் நீரும் ஐம்பூதம் ஆயின. புறநானூற்று இரண்டாம் பாட்டிலேயே 'ஐம்பெரும் பூதத்து இயற்கை' வந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். அது ஊர்க்காவல். பாட்டியின் கதைப் பூதம் புதையல் காத்தால் அதுவும் இந்தக் குலம்தான். அதைப் பேயாக்கினால் கதையே கெட்டுவிடும்.

பிசாசும் வடசொல்லே, 'பிசாச' என்பதன் தமிழ் வடிவம். அங்கே அது ஊன் தின்னும் ஒன்று.

எனவே பாட்டி எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே அச்சிடுங்கள். ஒரே கதையில் அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தாலும் திருத்தாதீர்கள். அடிக்குறிப்பில் 'பேய்: அச்சம் என்னும் பொருளுள்ள பே என்ற தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது, காண்க: தொல்காப்பியம், உரியியல்' என்று போட்டால் போதும்.