சன்ஷேட்டுக்கு நீர்விலக்கி அடிக்கலாம், மொட்டை மாடிக்கு வேண்டாம்

கேள்வி: காவேரிப்பட்டினத்தை ஒட்டிய கிராமத்தில் வீடு கட்டி 8 ஆண்டுகள் ஆகின்றன. வெளித்தூண்கள், சன்ஷேட், கைப்பிடிச் சுவர் எல்லாம் பூச்சும் பெயிண்டும் இல்லாத வெறும் கான்கிரீட். மொத்தம் சுமார் 400 சதுரடி இருக்கும். மழை பெய்தால் சன்ஷேட்டின் அடியில் ஈரம் கறுப்பாக இறங்குகிறது. மொட்டை மாடியில் ஒரு மூலையில் தண்ணீர் நின்று, கீழே படுக்கையறைக் கூரையில் ஓதம் காக்கிறது. ஒரு தூணில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசலும் பழுப்புக் கறையும் தெரிகின்றன. சிலேன் கலந்த நீர்விலக்கித் திரவத்தை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். 20 லிட்டர் கேன் வாங்கலாமா ஐயா?

பதில்: கேன் வாங்கப் போவதற்கு முன் அந்தத் தூணைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்ன அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

தூணில் கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் விழுந்து பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12.5-க்கும் மேல். அந்தக் காரம்தான் கம்பிக்குக் கவசம். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும்போது இந்த அளவு 9-க்கும் கீழே போய்விடுகிறது. அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு, தான் உருவான இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் பிளக்கிறது. தூணின் பிரதானக் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. கம்பிக்கும் பலகைக்கும் இடையே இந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்துக் கட்டிய வீடுகளில் பாதி அளவுகூட இருப்பதில்லை. அதனால்தான் 8 ஆண்டிலேயே இந்த நிலை.

இதன்மேல் நீர்விலக்கி அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போலத்தான். சிறு சுத்தியலால் தூணை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். வெற்றொலி கேட்கும் இடமெல்லாம் பிரிந்து நிற்கும் இடம். அதை உடைத்தெடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். உடைக்கும்போது கம்பி மெலிந்து காணப்பட்டால் மேஸ்திரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். தூண் விஷயத்தில் செலவைப் பார்க்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட திரவத்துக்கு வருகிறேன். சேப்பங்கிழங்கு இலைமேல் மழை விழுந்தால் இலை நனைவதில்லை. துளி உருண்டு ஓடிவிடும். சிலேன், சிலாக்சேன் வகைத் திரவங்கள் கான்கிரீட்டின் நுண்துளைகளுக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கின்றன. துளையை அவை அடைப்பதில்லை, துளையின் உட்சுவரில் மட்டும் படிந்து வேதிவினையால் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வெளியிலிருந்து மழைநீர் ஊறாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறவும் தடையில்லை. மேலே படலமாக நிற்கும் பெயிண்டைப்போல இது உரிந்துவிழுவதும் இல்லை. சிலேனின் மூலக்கூறு சிறியது, நெருக்கமான கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் போகும். சிலாக்சேன் பெரியது, செங்கல் போன்ற துளை மிகுந்த பொருளுக்கு ஏற்றது. உங்களுக்கு வேண்டியது சிலேன்.

ஆனால் துளை திறந்தே இருப்பதால், தண்ணீர் மேலே நின்று அழுத்தினால் இது தாங்காது. விரிசலையும் இது மூடாது. ஆகவே மொட்டை மாடிக்கு இதை அடிக்கவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மாடியைக் காப்பாற்றுவது வாட்டமும் அடைபடாத மழைநீர்க் குழாயும்தான். வீட்டைச் சுற்றி மாமரம் இருந்தால் மாதம் ஒருமுறை குழாய் வாயில் சருகை அள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் மூலையைத் திறந்து, விரிசலை அடைத்து, முறையான நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதித்தபின், 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் வைத்துத் தளம் போடச் சொல்லுங்கள். நீர்விலக்கி அடித்த பரப்பில் கலவை சரியாகப் பிடிக்காது. முன்பே அதை அடித்துவிட்டால் பிறகு தளம் போடும்போது திண்டாட வேண்டியிருக்கும்.

சன்ஷேட், கைப்பிடிச் சுவர், சரிசெய்த தூண்கள் ஆகியவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம். மழை பட்டு வழிந்து ஓடிவிடும் இடங்கள் அவை. சன்ஷேட்டின் மேற்பரப்பில் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் வாட்டம் இருக்கிறதா, அடி விளிம்பில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான காடி (நீளவாக்கில் வெட்டிய சிறு பள்ளம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காடி இல்லையென்றால் தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகச் சுவர்வரை ஓடிவரும். நீங்கள் சொல்லும் கறுப்புக் கறைக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். காடி வெட்டுவது ஒரு மேஸ்திரி அரை நாளில் முடிக்கும் வேலை.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்ல காலம். கான்கிரீட் குறைந்தது இரண்டு நாள் வெயிலில் உலர்ந்திருக்க வேண்டும். பாசியையும் தூசியையும் நீக்குங்கள். உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீரை ஊற்றி நீராற்றிய (கான்கிரீட் இறுக ஈரம் காத்த) கட்டடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். உப்போடு சேர்த்து அடித்தால் அது உள்ளேயே படிகமாகிக் கான்கிரீட்டைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கரைப்பான் கலந்த வகையில் தண்ணீர் கலக்கக் கூடாது. உச்சி வெயிலிலும் பலத்த காற்றிலும் சிலேன் வினைபுரிவதற்குள் ஆவியாகிவிடும். காலையிலேயே வேலையை முடியுங்கள். அழுத்தம் குறைந்த தெளிப்பானால், மேலிருந்து ஒரு சாண் வழியும் அளவுக்கு நனைய அடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் இரண்டாம் முறையும் அடிக்க வேண்டும். கண்ணாடிக் கதவையும் செடிகளையும் மூடி வையுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்; பக்கத்தில் பீடிகூடப் புகைக்கக் கூடாது.

மறுவாரம் ஒரு தம்ளர் தண்ணீரைச் சுவரில் வீசிப் பாருங்கள். நிறம் மாறாமல் வழிந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. சில ஆண்டுகளில் வெயிலால் மேற்பரப்பில் துளி உருளும் அழகு குறையும், அதற்காகப் பதற வேண்டாம். உள்ளே இறங்கியது வேலை செய்துகொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் கறுத்து ஊறினால்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

கேன் விஷயம்: 100 சதுரடிக்கு 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும். உங்கள் 400 சதுரடிக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். திறந்த கேனில் மிஞ்சுவது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டுப்போகும் என்பதால் 20 லிட்டர் வேண்டாம். 5 லிட்டர் கேன்களாகக் கேளுங்கள்.