போக்கர் சீட்டாட்டத்தில் மைத்துனர் 120 வைத்தபோது நானும் 120 போட்டு ஏற்றிருக்க வேண்டுமா?

ஏற்றிருக்க வேண்டும். மேசையில் 80 சில்லுகள். மைத்துனர் வைத்தது 120. நீங்கள் 120 போட்டு 200ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். மொத்தம் 320இல் உங்கள் பங்கு 37.5 விழுக்காடு. எட்டில் மூன்று முறை அவர் வெறுங்கையோடு மிரட்டினாலே கணக்கு நேராகிவிடும்.

"ஒரு ராஜா ஜோடிதானே" என்று உங்கள் கையை மட்டும் பார்த்ததால்தான் பின்வாங்கினீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஜோடி அவருடைய நல்ல கைகளிடம் தோற்கும், எல்லா மிரட்டலையும் வெல்லும். அவரிடம் எது எத்தனை இருக்க முடியும் என்பதே கேள்வி.

எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் பொதுவாகத் தரையில் ஹார்ட் ராஜா, ஹார்ட் 9, கிளாவர் 4, ஸ்பேட் 2, கடைசியாக டைமண்ட் 7. உங்களிடம் ஸ்பேட் ராஜா, கிளாவர் ராணி.

1. உங்களை வெல்பவை: 9, 7, 4, 2 ஆகியவற்றில் ஒரே எண்ணில் மூன்று சீட்டு சேரும் கைகள் 12, ராஜா-9 கைகள் 6. ஆக 18. அதற்கு ஈடாக 11 மிரட்டல் போதும். ராணியைவிட ஏஸ் பெரியது என்பதால் உங்களை வெல்லும் ஏஸ்-ராஜாவையும் சேர்த்தால் 26. அப்போது 16 வேண்டும்.

2. மிரட்டக்கூடியவை: ஐந்து ஹார்ட் சேரும் என்று காத்திருந்து, ஐந்தாவது ஹார்ட் வராமல், ஜோடிகூட இல்லாமல் போன இரண்டு ஹார்ட் கைகள் 28. இருவர் மட்டும் ஆடும்போது இவற்றில் பலவற்றை அவர் கடைசிவரை வைத்திருப்பார். உங்கள் ராணி ஹார்ட்டாக இருந்திருந்தால், அது அவரிடம் இருக்க முடியாது என்பதால் 28 என்பது 21 ஆகியிருக்கும். இந்தச் சின்ன வேறுபாட்டைக் கவனிக்கப் பழகுங்கள்.

ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி அவருடன் ஆடுபவர் நீங்கள். வெறுங்கையோடு அவர் பெரிதாக வைத்ததை ஒருமுறையும் பார்த்ததில்லை என்றால், தயங்காமல் சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

இணையத்தில் பணம் வைத்து ஆடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடுவதற்கே விலக்கு அளிக்கிறது.