அறுத்த ஆட்டின் குடலையும் நுரையீரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடலாமா?

கேள்வி: முப்பது ஆடுகளும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கிறேன். பட்டிக்குக் காவலாக இரண்டு நாய்கள், தீவன அறையில் எலி பிடிக்க ஒரு பூனை. ஆடு அறுக்கும்போது மிஞ்சும் குடல், நுரையீரல், ஈரலை இவற்றுக்குப் பச்சையாகவே போட்டு வருகிறேன். வேகவைத்தால் சத்து போய்விடும், வேட்டையாடித் தின்ற இனம்தானே என்கிறார் நண்பர். நாய்களின் முடியும் பளபளவென்றுதான் இருக்கிறது. போன ஆண்டு ஒரு பசு ஐந்தாம் மாதச் சினையில் கன்று வீசியது. அந்த நஞ்சுக்கொடியையும் நாய்தான் இழுத்துப் போய்த் தின்றது. இப்படியே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். நாய்க்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் மட்டும் இதைச் சொல்லவில்லை. நாய் பச்சையாகத் தின்பது அதன் சாணத்தின் வழியாக உங்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் திரும்பி வரும். மந்தை வைத்திருப்பவருக்கும், வீட்டுக்குள் ஒரே ஒரு நாய் வளர்ப்பவருக்கும் இதில்தான் வித்தியாசம்.

அடுத்த முறை ஆடு அறுக்கும்போது நுரையீரலையும் ஈரலையும் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். வெண்மையான, நீர் நிறைந்த கட்டிகள் தென்படுகின்றனவா? நானே பலமுறை பார்த்திருக்கிறேன், சில பட்டாணி அளவு, சில எலுமிச்சை அளவு. இவை எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள். வளர்ந்த ஒரு கட்டிக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், ஒவ்வொன்றும் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவாக வளரும். நாய் இளைக்காது, கழியாது, முடி பளபளவென்றுதான் இருக்கும். ஏறக்குறைய ஏழு வாரத்தில் சாணத்தில் முட்டை வரத் தொடங்கும். அந்த முட்டை ஒட்டிய புல்லை மேய்ந்த ஆட்டுக்கு மறுபடி கட்டி. நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் குழந்தைக்கும் அதே கட்டி. மனிதரில் அது ஈரலிலோ நுரையீரலிலோ ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வளரும், பலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

ஆட்டுத் தலையைப் பச்சையாகப் போடுவதிலும் இதே சுழற்சி உண்டு. அது வேறொரு நாடாப்புழு, கட்டி வளர்வது ஆட்டின் மூளையில். தலையை ஒரு பக்கம் சாய்த்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடுகள் நிறைந்த நியூசிலாந்தில் எக்கினோகாக்கஸ் நீர்க்கட்டி நோய் ஒரு காலத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. 1959-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடுவதைத் தடுத்தார்கள், நாய்களுக்கு விடாமல் புழுமருந்து கொடுத்தார்கள். 2002-ல்தான் நோய் நீங்கியதாக, அதுவும் தற்காலிகமாக, அறிவிக்க முடிந்தது. அத்தனை ஆண்டு உழைப்பின் அடித்தளம் நாயின் தட்டைக் கவனித்ததுதான்.

இனி அந்தப் பசு. ஐந்தாம் மாதத்தில் கன்று வீசியது என்றதும் எனக்கு நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நினைவுக்கு வந்தது. நாய் நோயுற்ற மாட்டின் நஞ்சுக்கொடியையோ செத்த கன்றையோ தின்றால், அதன் சாணத்தில் இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள் வெளிவரலாம். அவை தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்தால் மற்ற மாடுகளுக்கும் வரும். நாய்தான் இதைப் பரப்புகிறது என்பது 1998-ல்தான் உறுதியானது. ஒருமுறை தொற்றிய பசு, வெளியே நலமாகத் தெரிந்தாலும் அடுத்தடுத்த சினைகளில் கருவுக்குள்ளேயே கன்றுக்குக் கடத்தக்கூடும். புருசெல்லா என்ற பாக்டீரியாவும் கன்று வீச்சுக்குக் காரணமாகும், அது மனிதருக்கும் தொற்றும். ஆகவே இதுதான் என்று நான் ஊகமாகச் சொல்ல மாட்டேன். இரத்த மாதிரி எடுத்து இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பூனை விஷயத்தில் கவனிக்க வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பச்சை இறைச்சியிலிருந்தோ எலியிலிருந்தோ முதன்முறை தொற்றும்போது பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை கோடிக்கணக்கில் முட்டைக்கூடுகளைக் கழிக்கும். தீவனத்தில் அது கலந்தால் சினை ஆடுகள் குட்டி வீசும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தைத் தொடவே கூடாது. பூனை எலி பிடிப்பதை உங்களால் நிறுத்த முடியாது, அதற்காக அதை விரட்டவும் வேண்டாம். ஏற்கெனவே தொற்றி எதிர்ப்பு வந்த வயதான பூனை மறுபடி கழிப்பது அரிது. கருத்தடை செய்த ஒரே பூனையை நிலையாக வைத்திருங்கள். புதுப்புதுக் குட்டிகள் தீவன அறையில் பெருகுவதுதான் ஆபத்து. தீவனத்தை மூடி வையுங்கள். பூனைக்குக் காய்ச்சாத பாலும் வேண்டாம். 2024-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பறவைக்காய்ச்சல் கண்ட கறவை மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்துப்போயின.

சத்து போய்விடும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. வேகவைத்தால் புரதம் எங்கும் போவதில்லை. தயமின் (வைட்டமின் பி1) கொஞ்சம் அழியும். பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து வெந்த நீரில் இறங்கிவிடும். எனவே அந்தச் சாற்றைக் கொட்டாமல் இறைச்சியோடு சேர்த்தே வையுங்கள். உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வெறும் இறைச்சியில், பச்சையோ வெந்ததோ, சுண்ணாம்புச்சத்தை விடப் பாஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு அதிகம். அதை மட்டுமே தின்று வளரும் நாய்க்குட்டிக்குக் கால் வளையும், எலும்பு முறியும். வளர்ந்த நாய்க்கு, எலும்பில்லாத அரை கிலோ இறைச்சிக்கு 3 கிராம் அளவில் நன்கு பொடித்த முட்டை ஓட்டுத்தூள் கலக்கலாம். குட்டிக்கு இந்தக் கணக்கு போதாது, வளரும் பருவத்துக்கென்று தயாரித்த தீவனமே நல்லது. ஈரல் மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தினமும் ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கட்டியுள்ள உறுப்புகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். மற்றவற்றைச் சிறு துண்டாக்கி, கொதி வந்தபின் அரை மணி நேரமாவது வேகவிடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உறைபெட்டியில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல குளிரில் பல ஒட்டுண்ணிகள் சாகும், ஆனால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சாகாது. நாய் நோயில்லாமலே அதைச் சாணத்தில் கழித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு நாய்களுக்கும் எடை பார்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுங்கள். கொடுத்தபின் இரண்டு நாள் கட்டிவைத்து, அந்தச் சாணத்தைக் கையுறை போட்டு அள்ளி ஆழமாகப் புதையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். புதிய உணவுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள், அறுக்கும் நாளில் நாய்களைக் கட்டியே வையுங்கள். மாடு ஈனும் நேரத்திலும் அப்படியே. மறுபடி கன்று வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், நாயையும் நெருங்கவிடாதீர்கள். கன்றையும் கொடியையும் மூடி வைத்து உடனே மருத்துவரை அழையுங்கள், காரணம் கண்டுபிடிக்க அவைதான் வேண்டும்.