தொடக்கப் பள்ளி வகுப்பில், காசு கட்டாமல், பிள்ளைகளே இயக்கிப் பார்க்கிற மாதிரி என்னென்ன இணையக் கருவிகள் இருக்கின்றன?

நான் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டுக்கும் ஒரே அறைதான். 27 பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் போர்டு, என்னுடைய போன். நீங்களும் ஏறக்குறைய இதே நிலையில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆளுக்கொரு டேப் இருக்கிற பள்ளிக்கு இந்தப் பதில் அவ்வளவாக உதவாது.

ஒருமுறை ஒரு பயிற்சியில் ஒரே மதியத்தில் நாற்பது தளங்களைக் காட்டி, எல்லா முகவரியையும் வாட்ஸப் குழுவில் கொட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் பாதி கணக்குத் தொடங்கச் சொன்னது, மீதி கொஞ்ச நாளில் காசு கேட்டது. அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் மூன்று விஷயம்தான் கவனிப்பேன். பிள்ளைகள் லாகின் பண்ணாமல் ஓடுகிறதா, நெட் போனால் என்ன ஆகும், பிள்ளை ஒன்றைப் பிடித்து நகர்த்தினால் திரையில் வேறு ஏதாவது மாறுகிறதா. கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் அது வெறும் வீடியோதான். வீடியோ காட்ட யூடியூப் போதும்.

நான் அதிகம் திறப்பது ஒரு கடிகாரம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் 'தி மேத் லேர்னிங் சென்டர்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு சில கணிதச் செயலிகளை இலவசமாக வைத்திருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். அதில் 'மேத் கிளாக்' ஒன்று. இதற்கு முன் நான் அட்டைக் கடிகாரம்தான் வைத்திருந்தேன். மூன்றரை மணி வை என்றால் பெரிய முள்ளைச் சரியாக ஆறில் வைப்பார்கள், சின்ன முள்ளை மூன்றின் மேலேயே நிறுத்திவிடுவார்கள். அட்டையில் இரண்டு முள்ளும் தனித்தனியாகத்தானே சுற்றுகின்றன, பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தச் செயலியில் இரண்டு முள்ளும் பல்சக்கரம் மாட்டியதுபோல் சேர்ந்து நகரும்படி வைக்கலாம். ஒருத்தி வந்து பெரிய முள்ளைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு பையன், “டீச்சர், சின்னதும் நடக்குது!” என்றான். மூன்றரை என்பது மூன்றைத் தாண்டி அரைத் தூரம் என்று அதுவரை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அடுத்தது ஃபெட் (PhET) என்ற தளம். பிள்ளைகளே நகர்த்திப் பார்க்கிற கணித, அறிவியல் பாவனைகள் (simulations) இதில் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிறது. பெரிய வகுப்பு அறிவியலுக்குத்தான் என்று பலர் இதைத் தொடுவதே இல்லை. கணிதத்தில் சின்ன வகுப்புக்கும் நிறைய இருக்கிறது. சில பாவனைகளைத் தமிழிலும் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு உதவியது பின்னங்கள் அறிமுகம். கீழ் எண்ணை ஏற்ற ஏற்ற வட்டத்தின் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகும்; துண்டை இழுத்து வட்டத்துக்குள் போடலாம். மூன்றில் ஒன்று பெரிதா, கால் பெரிதா என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் “கால்தான், நாலு பெருசில்ல” என்பார்கள். எட்டு வரை ஏற்றிக் காட்டியபோது, “இத்தனை பேருக்குப் பங்கு போட்டா நமக்கு என்னத்த வரும்?” என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் மறுநாள் நோட்டில் அவனே கால்தான் பெரிது என்று எழுதினான்! அப்புறம் காகித வட்டத்தை மடித்து, கத்தரித்து, கையில் கொடுத்துத்தான் நிலைத்தது. திரையில் பார்த்ததை உடனே கையாலும் செய்ய வைத்துவிடுங்கள்.

ஃபெட்டின் எச்டிஎம்எல்5 (பிரவுசரிலேயே ஓடும் வகை) பாவனைகளைத் தரவிறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். முன்பு இப்படி ஒரு பென் டிரைவ் நிறைய, ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் ஓடும் விளையாட்டுகள் சேர்த்து வைத்திருந்தேன். 2020 முடிவில் ஃபிளாஷே நின்றுபோனதும் அத்தனையும் வீண். அது வேறு கதை.

பிளிக்கர்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால், “புரிஞ்சுது டீச்ச்சர்” என்று கோரஸாக வருமே, அந்தக் கோரஸை உடைக்கிற கருவி இது. பிள்ளைகளுக்கு எந்தச் சாதனமும் வேண்டாம். ஆளுக்கு ஒரு அச்சிட்ட அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம், நான்கு பக்கமும் பொடியாக ஏ, பி, சி, டி. தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்தும் பயனில்லை. 407இல் பூச்சியம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கோரஸில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அட்டையில் 11 பேர் தவறு. வாயே திறக்காத இரண்டு பிள்ளைகள் சரி.

சில கைப்பக்குவம் உண்டு. 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை அவர்கள் தளத்திலேயே எடுத்து அச்சிடலாம். கிழியாமல் இருக்கட்டுமே என்று பளபளக்கும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னி, கேமரா படிக்காது. நான் 60 ரூபாய் தண்டம் அழுது கற்றது இது. கெட்டியான தாளே போதும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தில் பிடிக்கப் பழக்க வேண்டும். பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றாமல் வரிசை எண்ணை மட்டும் கொடுத்தேன். நெட் வேண்டும் என்பது குறைதான். போன் டேட்டாவிலேயே சமாளிக்கிறேன்.

தமிழ்ப் பாடத்துக்கு ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் இதை 2015இல் தொடங்கியது. படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கும், தமிழிலும் நிறைய உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் தரவிறக்கி அச்சிட்டும் கொடுக்கலாம். இழுத்து நகர்த்த இதில் எதுவும் இல்லை, என் விதியை நானே மீறுகிறேன், சரி. எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டிக் கதை சொல்லச் சொல்வேன். பிறகு எழுத்தைத் திறந்து படித்தால், “எங்க கதைதான் நல்லாருக்கு” என்பார்கள். பல நேரம் உண்மைதான்.

மணி அடித்ததும் யார் முந்தி அழுத்துகிறார்கள் என்று புள்ளி போடும் வினாடி வினாத் தளங்களை நான் விட்டுவிட்டேன். எப்போதும் அதே நாலு பேர்தான் முதலிடம். மற்றவர்கள் இரண்டாம் வாரத்திலேயே குருட்டாம்போக்கில் அழுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

நாளைக்கே தொடங்குவதென்றால் கடிகாரத்தை எடுங்கள். லாகின் வேண்டாம், தயாரிப்பு வேண்டாம், பத்து நிமிடம் போதும். ஸ்மார்ட் போர்டு எட்டாத பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.